பார்த்த வரைக்கும் இல்லை

காலையில் ஆய்வறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மேடம் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்.

"இன்னைக்கி என்ன இல்ல, தம்பி?"

"ஏழாம் பெட்டி இல்ல மேடம். கேபிள அணில் கடிச்சிருக்கு."

"மத்தது?"

"மத்ததெல்லாம் இருக்கு."

"பாத்துட்டுச் சொல்லுதியளா, இருக்கும்னு சொல்லுதியளா?"

நான் திரும்ப வெயிலுக்குள் இறங்கிப் போவேன். பார்க்காமல் சொன்னதற்காக அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. நான் பார்த்துவிட்டு வரும்வரை உட்கார மாட்டார், அவ்வளவுதான். ஐம்பது வயது தாண்டிய பெண்மணி, சரிந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சன்னல் ஓரமாக நின்றுகொண்டே இருப்பார். அதற்குக் கோபமே தேவலை.

பேட்டைக்கு மேற்கே ஒரு கல்லூரியில் அவர் இயற்பியல் பேராசிரியர். நான் அவரிடம் ஆய்வக உதவியாளர். மேலப்பாளையம்தான் அவருக்குச் சொந்த ஊர். இளம் வயதில், விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர்களைத் தரையில் இருந்தபடியே கண்டுபிடிக்கிற ஒரு மலை நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். உம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊருக்குத் திரும்பி வந்தார். வந்த இடத்தில் சும்மா இருக்காமல், அந்த நிலையத்தின் சின்ன வடிவம் ஒன்றை எங்கள் கல்லூரிக்குப் பின்னால் இருந்த காட்டில் போட்டார். காடு என்றால் உடைமரமும் நாலைந்து பனையும்.

பெரிய தொலைநோக்கி எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரும்புத் தகட்டில் அடித்த பெட்டிகள், இடைவெளி விட்டு வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கூம்பாக ஒரு மூடி. பேட்டையில் ஒரு பட்டறையில்தான் செய்தோம். பட்டறைக்கார அண்ணாச்சி முதல் பெட்டியை முடித்துவிட்டு, "மூச்சு விட ஓட்டை போடாண்டாமா? கோழி செத்துப்போவுமே" என்று கேட்டார்.

"இதுக்குள்ள வெளிச்சமே போகக் கூடாது அண்ணாச்சி" என்றார் மேடம்.

"அப்பம் கோழி இல்லயா?"

"கோழி இல்ல."

அதோடு பேச்சு முடிந்தது. கடைசிப் பெட்டி வண்டியில் ஏறும்வரை, பிறகு என்னதான் என்று அண்ணாச்சி கேட்கவில்லை. மேடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "கோழியான்னுதான கேட்டாவ" என்றார்.

பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பலகை இருக்கும். துகள் ஒன்று அதைத் துளைத்துப் போனால் மினுக்கென்று ஒரு வெளிச்சம் வரும். அதை ஒளி உணரும் ஒரு குழாய் பிடித்து மின்சாரமாக மாற்றி ஆய்வறைக்கு அனுப்பும். எதற்கு இவ்வளவும் என்பதை, மேடம் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

வானத்தில் எங்கோ ஒரு விண்மீன் வெடித்துக் கிடக்கிறது. அதன் மிச்சத்திலிருந்து பயங்கரமான ஆற்றலோடு ஒரு காமா கதிர் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் எங்கும் வளையாமல் நேராக வந்து நம் காற்றுமண்டலத்தின் உச்சியில் மோதும். மோதிச் சிதறி, சிதறியதெல்லாம் மேலும் சிதறி, தரைக்கு வரும்போது துகள்களின் மழையாக இறங்கும். அந்த மழை ஒரு ஓரத்துப் பெட்டியை முதலில் தொடும், மறு ஓரத்துப் பெட்டியைக் கொஞ்சம் பிந்தித் தொடும். எவ்வளவு பிந்தியது என்று தெரிந்தால், எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். இதற்குப் பகலா இரவா, மேகமா வெயிலா என்ற கவலை கிடையாது.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. மின்னூட்டம் உள்ள வேறு துகள்களும் விண்வெளியிலிருந்து வந்து இதே மாதிரி மழை கொட்டும். அவை வழியெல்லாம் வளைந்து வளைந்து வருகிறவை. எங்கிருந்து கிளம்பியவை என்று கண்டுபிடிக்க முடியாது. நம் தலையில் கொட்டுவதில் ஏறக்குறைய எல்லாமே இவைதான். இவற்றின் மழையில் மியூவான் என்றொரு துகள் நிறைய இருக்கும். அது மண்ணையும் துளைத்துக்கொண்டு கீழே போகும். காமா மழையில் மியூவான் மிகக் குறைவு. அதனால் காட்டின் நடுவே ஒரு குழி தோண்டி, கான்கிரீட் போட்டு மூடி, மேலே மண்ணைக் குவித்து, அந்தக் கிடங்குக்குள்ளும் சில பெட்டிகளை வைத்திருந்தோம். மேலே மழை அடிக்கும்போது கீழே கிடங்கிலும் துகள் விழுந்தால், அது காமா இல்லை. தள்ளிவிட வேண்டியதுதான்.

ஆக, நாங்கள் செய்தது தள்ளுகிற வேலை. காலையில் வந்து தள்ளுவோம், மதியம் சாப்பிட்டுவிட்டுத் தள்ளுவோம். பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, "இல்லைன்னு சொல்லுத வேல" என்று என் மகள் சொல்லிவிட்டு வந்தாள்.

நிலையம் போட்டுச் சில வருடம் கழித்து மேடம் ஒரு கட்டுரை எழுதினார். வானத்தில் இன்ன இடத்திலிருந்து, இன்ன ஆற்றலுக்கு மேல், காமா கதிர் வருவதை நாங்கள் பார்க்கவில்லை. வந்தால்கூட இந்த அளவுக்கு மேல் இருக்க வழியில்லை. இதுதான் அதன் சாரம். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. கல்லூரித் தாளாளர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கெடைக்கலங்கத இத்தன பக்கத்துக்கு எழுதணுமாம்மா?" என்று கேட்டார்.

"கெடைச்சிருந்தா கொஞ்சமா எழுதியிருக்கலாம் சார்" என்றார் மேடம்.

இந்தப் பழக்கத்தை அவர் ஆய்வறையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவருக்கு அது முடியாது. அவித்த கடலை வாங்கிக் கொடுத்தால், தின்றுவிட்டு ஒவ்வொரு தோலையும் பிரித்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார். மனிதர்கள் விஷயத்திலும் அப்படியே.

வேதியியல் துறையில் ஒரு பையனுக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா வள்ளியூரில் கடை வைத்திருப்பவர். விசாரிக்க வந்தவரை யாரோ மேடத்திடம் அனுப்பிவிட்டார்கள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"பையன் எப்படிம்மா?"

"எங்கிட்ட மரியாதையாத்தான் பேசுவாரு. பாடம் நடத்தும்போது ஜன்னல் வழியாக் கேட்டிருக்கேன், நல்லாத்தான் நடத்துதாரு."

"கெட்ட பழக்கம் ஏதும்…"

"சிகரெட் குடிச்சு நான் பாக்கல."

அவர் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா, கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால நான் போனதே இல்ல" என்றார் மேடம். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல நான் இங்கன இருக்கதும் இல்ல. அதுக்குப் பொறவு உள்ளது எனக்குத் தெரியாது."

வள்ளியூர்க்காரர் கும்பிட்டுவிட்டு எழுந்தார். பிறகு வெளியே வந்து என்னிடம், "இந்த ஊர்ல விசாரிச்சதுல இவிய ஒருத்தர்தான் ஒண்ணும் மழுப்பாம சொன்னாவ" என்றார். கல்யாணம் நடந்தது. இரண்டு பிள்ளைகளும் ஆயிற்று. மாப்பிள்ளை மட்டும் அதன்பிறகு மேடத்தோடு பேசவில்லை.

என் மனைவிக்கும் அவர் மேல் ஒரு வருத்தம் உண்டு. அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்து, ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லி, நாங்கள் மேடம் வீட்டுக்கு இனிப்பு கொண்டு போனோம். மேடம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, "எவ்வளவு சின்னதா இருந்தா அந்த மெஷின்ல தெரியும்னு கேட்டியளா?" என்றார். கேட்கவில்லை. மறுநாள் போய்க் கேட்டோம். அப்புறமும் ஒன்றும் வரவில்லை, அவள் நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்று ஒரு ராத்திரி அவள் தூங்கவில்லை என்பதும் உண்மை.

அவர் தெருவில் இது பழகிப்போயிருந்தது. நோன்பு முடிகிற சமயத்தில் மொட்டைமாடியில் பெண்களும் பிள்ளைகளும் பிறை பார்க்க ஏறுவார்கள். ஒரு வருடம் மேகம். பிள்ளைகள் கண்டாச்சு என்று கூப்பாடு போட, அவர் அண்ணன் கீழே இருந்து, "நீ பாத்தியாம்மா?" என்று கேட்டாராம். "மேகத்துக்குக் கீழ பாத்தேன் காக்கா, இல்ல. மேகத்துக்குப் பின்னால நான் பாக்கல" என்றாராம் மேடம். அண்ணன், "சரி, எல்லாரும் எறங்கி வாங்க" என்று மட்டும் சொன்னாராம். இதை அந்த அண்ணனே சிரிக்காமல் என்னிடம் சொன்னார்.

ஒரு தடவை எங்களுக்கு உண்மையாகவே ஏதோ கிடைத்தது போல இருந்தது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதப் பதிவையும் ஓட்டிப் பார்த்தபோது, வெடித்த விண்மீன் ஒன்றின் மிச்சம் இருக்கிற திசையிலிருந்து, மியூவான் இல்லாத மழைகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்திருந்தன. கோடை மாதங்களோடு ஒப்பிட்டால் தெளிவாகவே தெரிந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தேநீர்க் கடையில் யாரிடமோ சொல்ல, அது தாளாளர் காதுக்குப் போனது. அவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட ஏற்பாடு செய்து, வாசலில் கட்ட ஒரு ஃப்ளெக்ஸ் பேனரும் அடித்துவிட்டார். அதில் மேடம் படத்தைவிடத் தாளாளர் படம் பெரிது.

மேடம் மறுக்கவில்லை. "கொஞ்ச நாள் பொறுங்க சார்" என்றார். என்னிடம், "ஒண்ணுமே இல்லாத ஒரு எடத்தயும் பாப்போம் தம்பி" என்றார்.

வானத்தில் ஒன்றுமே இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, அதே கணக்கை அங்கேயும் போட்டார். அங்கேயும் அதே அளவு கூடியிருந்தது. வேறொரு மூலை. அங்கேயும். மேடம் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் இறங்கினார். மழைக்காலத்து ஈரம் சுவர் வழியாக ஏறி, கீழே இருந்த குழாய்களில் பாதி மந்தமாகிக் கிடந்தன. மியூவான்கள் வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. பார்க்க வேண்டியவை பார்க்கவில்லை; தள்ள வேண்டிய மழையும் காமா என்று கணக்கில் ஏறியிருந்தது.

தாளாளரிடம் அவரே போய்ச் சொன்னார். திரும்பி வந்து, "பேனர என்ன செய்யன்னு கேக்காவ" என்றார். அணில் வராமல் இருக்கக் கேபிள்கள் மேல் போர்த்தினோம். தாளாளர் படம் வானத்தைப் பார்த்தபடி கொஞ்ச நாள் கிடந்தது.

அந்த ஏமாற்றம் எனக்குத்தான். அவருக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. தான் பார்த்தது பார்த்ததுதான் என்ற நம்பிக்கை அவருக்கு இன்னும் கூடியதாகவே தோன்றியது.

இனி வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது நாங்கள் வண்ணார்பேட்டையில் ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி, மகள், என் அப்பா. அப்பா பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை. இந்த வேஷத்தில் இல்லாமல் நானே அவரைப் பார்த்ததில்லை. மார்கழி பிறந்த கையோடு மழை பிடித்தது. கிறிஸ்துமஸ் பலகாரம் சுட மனைவியும் மகளும் வள்ளியூரில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடம் போன் செய்தார்.

"கெடங்குக்குள்ள தண்ணி ஏறுது தம்பி. நான் இங்கன வந்துட்டேன். ஒங்களால முடிஞ்சா வாங்க. முடியலன்னா வேண்டாம்."

"போயிட்டு வால. எனக்கு என்ன, மழையக் கண்டிருக்கமாட்டேனா" என்றார் அப்பா.

போனேன். இரண்டு பேரும் காவலாளியும் சேர்ந்து கருவிகளை மாடிக்கு ஏற்றினோம். பிற்பகலில் காடு முழுவதும் ஒரே தண்ணீராகிவிட்டது. பெட்டிகளின் மூடிகள் கழன்று பனைமரங்களுக்கு நடுவே மிதந்து போயின. சாலை அறுந்தது. போன் செத்தது. தண்ணீர் வடிந்து நான் வண்ணார்பேட்டைக்கு வந்து சேர்ந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. கதவு திறந்து கிடந்தது. அப்பா இல்லை.

எதிர்வீட்டு அக்கா மாடியில் இருந்து பார்த்திருக்கிறார். "மீன்புடிக்கிற பையனுவ படகு கொண்டு வந்தானுவ தம்பி. அப்பா ஏறுனத நான் பாத்தேன். பொறவு எங்கன கொண்டு எறக்கினானுவன்னு தெரியல." கொஞ்சம் தயங்கி, "ஒரு படகு கவுந்துட்டுன்னும் சொல்லுதாவ" என்றார்.

அந்த நாட்களில் என்னைப் பார்த்த எல்லோரும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார்கள். அப்படிச் சொன்ன யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. மேடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி என் வீட்டு வாசலில் வந்து நின்று, "எங்கெங்க பாத்திய, எங்க பாக்கல?" என்று கேட்டார்.

பாலத்துக்குக் கீழே ஒரு வயதானவரின் உடல் ஒதுங்கியிருக்கிறது, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அன்று மதியம் செய்தி வந்தது. இரண்டு பேரும் போனோம். பிணவறை வாசல் வரைதான் என் கால் வந்தது.

"ஒங்க அப்பாவ நான் நல்லாப் பாத்திருக்கேன். இங்கனயே இருங்க" என்று சொல்லி மேடம் உள்ளே போனார். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளியே வந்தவர் குழாயடியில் கையைக் கழுவினார்.

"தம்பி, அது ஒங்க அப்பா இல்ல."

"நெசமாவா மேடம்?"

"முகத்தப் பாத்தேன், காதப் பாத்தேன். ஒங்க அப்பாவுக்கு எடது காதுமடல்ல ஒரு வெட்டு இருக்கும்லா. அவருக்கு இல்ல. இல்லவே இல்ல."

எத்தனையோ வருடமாக அவர் வாயிலிருந்து நான் கேட்டுக் கேட்டுச் சலித்த வார்த்தை அது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். உள்ளே கிடந்தவர் யாருடைய அப்பா என்பதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. மேடத்தின் உதடு மட்டும் அவருக்காக எதையோ ஓதிக்கொண்டிருந்தது.

பிறகு தேடலைப் பிரித்துக்கொண்டோம். பாளையங்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூட முகாம்களை அவர் பார்ப்பது, டவுன் பக்கத்துக் கல்யாண மண்டபங்களை நான் பார்ப்பது என்று. சாயங்காலம் வந்து சொன்னார்: "நான் போன பள்ளிக்கூடத்துல ஒண்ணுலயும் இல்ல. ஒவ்வொரு ஆளாப் பாத்துட்டேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் இன்னொரு தடவை போய்ப் பார்த்திருப்பேன். சொன்னது மேடம். நான் பாளையங்கோட்டையை மனதில் இருந்து அழித்துவிட்டேன். அங்கே இல்லை என்றால் ஆற்றோடு கீழே போயிருக்க வேண்டும். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஆறு போன வழியே போனேன். உடைந்த சாலைகளில் நடந்து, வாழைத் தோட்டங்கள் படுத்துக் கிடந்த ஊர் ஊராக, ஸ்ரீவைகுண்டம் வரை. அங்கே நான் பார்த்தவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு இடத்திலும் அப்பா இல்லை. ஒவ்வொரு இல்லையும், அடுத்த இடத்தில் இருக்கப்போவது எது என்ற பயத்தைக் கூட்டிக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் ஒரு ஆள் குனிந்து மண்வெட்டியால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். பூப்போட்ட கைலி, மார்பில் நம்பர் போட்ட கால்பந்துச் சட்டை, தலையில் காதை மூடிக் கட்டிய துண்டு, ஒரு வாரத் தாடி. கூலிக்கு யாரோ ஆள் விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"எங்கல போன?" என்றார் அந்த ஆள். "ஒன்னக் காணும்னு தாசில்தார் ஆபீஸ் ஆள்கிட்ட எழுதிக் குடுத்திருக்கேன்."

அப்பாவின் கண்ணாடி ஆற்றோடு போயிருந்தது. உடுத்தியிருந்தது நனைந்துவிட, முகாமில் கொடுத்ததைப் போட்டுக்கொண்டிருக்கிறார். குளிருக்குத் துண்டைத் தலையில் கட்டியவர் அவிழ்க்கவே இல்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் சமையல் செய்கிறவர்களோடு உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி வெங்காயம் உரித்திருக்கிறார். பாளையங்கோட்டையில், மேடம் பார்த்த பள்ளிக்கூடத்தில்.

"ஒரு அம்மா வந்து ஒவ்வொரு ஆளா உத்துப் பாத்துட்டுப் போனாவ" என்றார் அப்பா. "கண்ணாடி இல்லயா, யாருன்னு தெரியல. ஆள் எண்ண வந்திருக்காவன்னு நெனச்சேன். ஏற்கெனவே எண்ணுனவன் தப்பா எண்ணி, அவன்கூட எனக்குச் சண்ட. அதான் திரும்பிக்கிட்டேன்."

மேடத்துக்குப் போன் செய்தேன். அப்பா கிடைத்துவிட்டார் என்றதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எந்த முகாம் என்று கேட்டார். சொன்னேன். 

"நான் பாத்தேனே" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

மறுநாள் வந்தார். அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த அறையில் இருந்தீர்கள், எந்தப் பக்கம் திரும்பியிருந்தீர்கள், துண்டு அப்போதும் தலையில் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விசாரணை செய்கிற போலீஸ்காரர் மாதிரி அல்ல. விசாரிக்கப்படுகிற ஆள் மாதிரி. அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

"விடுங்கம்மா. நாந்தான் முழுசா வந்து சேந்துட்டேம்லா."

"ரெண்டு நாளா ஒங்க மகன ஆத்துப்பக்கம் அலைய விட்டுட்டேன் சார்."

"அவன் அலைஞ்சா அலையட்டும்" என்றார் அப்பா.

மேடம் என் பக்கம் திரும்பினார். "வெங்காயம் உரிக்கிற ஆளுகளயும் பாத்தேன் தம்பி. பாத்துட்டு, இவிய இல்லன்னு தள்ளிட்டேன். வெள்ளச் சட்ட, கண்ணாடி, அந்தக் காது. அதத்தான் தேடியிருக்கேன்." பிறகு யாரும் கேட்காமலே, "கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு" என்றார்.

கல்லூரியில் காட்டைத் திரும்ப நிலையமாக்க முடியவில்லை. பெட்டிகளில் பாதி ஆற்றுக்குப் போயிருந்தது, மீதிக்குள் மண். தாளாளர் வருத்தத்தோடுதான் கைவிரித்தார். கிடங்குக்குள் நின்ற தண்ணீரை இறைக்கவே நாளாயிற்று. ஆனால் பழைய பதிவுகள் எல்லாம் மாடியில் பத்திரமாக இருந்தன. மேடம் அவற்றோடு உட்கார்ந்தார். காலையில் என்னிடம் கேள்வி எதுவும் கேட்பதில்லை. கேட்க எந்தப் பெட்டியும் இல்லை என்பது ஒரு காரணம்.

பழைய கட்டுரையைத்தான் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. வந்தாலும் இந்த அளவுக்கு மேல் இராது என்று எழுதிய கட்டுரை. அதில் ஒரு இடம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. உண்மையான காமா மழை ஒன்று இறங்குகிறது. அதே கணத்தில் அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மியூவான் எங்கிருந்தோ வந்து கிடங்கில் விழுகிறது. எங்கள் கணக்கு இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இது காமா இல்லை என்று தள்ளிவிடும். இப்படி நடப்பது மிக அபூர்வம் என்று வைத்துத்தான் அன்று எழுதியிருந்தார். அபூர்வம் என்று வைத்தாரே தவிர, தானே எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது எண்ணினார். அவர் வைத்ததைவிட அது கொஞ்சம் அதிகம். எனவே நாங்கள் வாசலில் நின்ற விருந்தாளிகளில் சிலரைத் தெரியாமல் விரட்டியிருக்கலாம். அந்த அளவை இன்னும் சற்று உயர்த்தி எழுத வேண்டும்.

திருத்தம் ஒன்று எழுதி அந்த இதழுக்கே அனுப்பினார். ஒரு பத்தி, ஒரு எண். யாரும் கேட்காத திருத்தம். அந்த இதழ்க்காரர்கள்கூடக் கொஞ்சம் ஆச்சரியப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பிறகு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தார். உம்மா காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பழைய மலை நிலையத்தில், முன்பைவிட மிகப் பெரிதாகப் பெட்டிகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே வரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் அதற்குள் மேட்டுப்பாங்கான ஒரு தெருவுக்கு மாறியிருந்தோம். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்து, அவரைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தாள். மேடம் பையிலிருந்து அச்சான அந்தத் திருத்தத்தை எடுத்து என்னிடம் கொடுக்காமல் அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பா எட்டப் பிடித்துப் பார்த்தார். பழைய எண், புதிய எண் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"ரொம்ப வித்தியாசம் இல்லயே" என்றார்.

"இல்ல சார்."

"இத மாத்துனதால யாருக்கும் எதுவும் ஆவுமா?"

"இன்னைக்கி யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

"பொறவு எதுக்கும்மா இம்புட்டு மெனக்கெட்டிய?"

மேடம் காபியை ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாளைக்கி ஒருத்தன் அதத் தேடுவான் சார். அங்கன இல்லன்னு நான் சொன்னத நம்பி, அவன் வேற பக்கம் போயிரக் கூடாதுல்லா."

அப்பா சட்டைப் பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளை மடியில் வைத்து, விரலை ஓட்டி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.